பின்னால் கயிறு பிடிக்கிறவர்

எனக்குக் கீழே பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குக் கீழே ஒன்பது ஆண்கள். அவர் ராணுவத்தில் ஹவில்தார், பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனுக்குத் தலைவர். நான் உறுவையாறு என்கிற ஊரில் நடவுக்கு ஆள் கட்டுகிறவள். வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு நாற்று நட ஆள் வேண்டுமென்றாலும் எனக்குத்தான் போன் வரும். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு ஆளை வைத்து வேலை வாங்கத் தெரியும் என்று கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த ஆவணியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்த கோளாறும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவருடைய செக்‌ஷன் ஒன்றரை வருடம் சமவெளியில் இருந்துவிட்டு மறுபடியும் பனிமலைக்குப் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன்னால் பாதிப் பாதி ஆட்களாக லீவில் அனுப்பினார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் ஒன்றாக வந்தார்கள். இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. லீவு முடிந்து திரும்பும்போது எல்லாரும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, இரண்டு மூன்று நாள் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்தே சேர்ந்து ரயில் ஏறுவார்கள். அந்த முறை எங்கள் வீடு.

எனக்கு ஒரே சந்தோஷம். முக்கியமாக வீராம்பட்டினத்து அண்ணன் வருகிறார் என்பதில். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் நான் அவருக்குத் தங்கச்சி. மீன்பிடிக் குடும்பம். ஹவில்தாருக்கு ஒரு படி கீழே, நாய்க் என்கிற ரேங்கில் இருக்கிறார், வயதில் என் வீட்டுக்காரரைவிட இரண்டு வருடம் பெரியவர். ஓட்டத் தேர்வன்று அவருக்குக் காய்ச்சல், அதனால் பதவி உயர்வு இவருக்கு வந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இவர் தோளில் பட்டை ஏறிய அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பனிமலையில் நடக்கும்போது ஐந்து பேரை ஒரே கயிற்றில் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். பனிக்கு அடியில் பெரிய பெரிய வெடிப்புகள் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. முன்னால் போகிறவர் உள்ளே விழுந்தால் அவருக்கு அடுத்து இருப்பவர் அந்த நொடியே உட்கார்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. போன இரண்டு முறையும் முன்னால் என் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் வீராம்பட்டினத்து அண்ணன். நான் அந்த இரண்டு குளிர்காலமும் தூங்கியது அந்த மனிதரை நம்பித்தான்.

அண்ணன் ஒரு ஐஸ் பெட்டி நிறைய மீனோடு வந்து இறங்கினார். மதுரைக்காரர் ஒருவர், நெல்லூர்க்காரர் ஒருவர், விழுப்புரத்திலிருந்து ஒருவர் என்று மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். நான் குழம்பு வைத்து, மீன் வறுத்து, கூடத்தில் வரிசையாக இலை போட்டேன். ஐந்து இலையில் மூன்று காலியாகக் கிடந்தது. அண்ணனும் மதுரைக்காரரும் தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகை நிழலுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் விழுப்புரத்துக்காரரும் ஃபேனுக்கு அடியில். நெல்லூர்க்காரர் பாவம், எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்துச் சாப்பிட்டார்.

"கொழம்பு வேணுமான்னு கேளுப்பா" என்றார் என் வீட்டுக்காரர், நெல்லூர்க்காரரிடம்.

"போதும்னு சொல்லு" என்றார் அண்ணன் வெளியிலிருந்து, அதே நெல்லூர்க்காரரிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மீனைக் கொண்டுவந்தவரே அவர். அவர் கொண்டுவந்த மீனில் நான் வைத்த குழம்பை, இவர் வேண்டுமா என்று மூன்றாவது ஆளை விட்டுக் கேட்கிறார். என் நடவு ஆட்களில் இரண்டு பேர் இப்படிச் செய்தால் இரண்டு பேரையும் ஒரே தட்டில் சாப்பிட வைத்திருப்பேன்.

"இன்னாங்க நடக்குது?" என்று அவரைக் கொல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கல. உன் வேலயப் பாரு."

அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஆனால் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மோட்டார் போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டார். அவர்களுக்கு மேலே இருக்கும் சுபேதார். சேலத்துக்காரர், தொண்டையில் மைக் கட்டிக்கொண்டு பிறந்தவர்.

"நாள மறுநாள் ரயில் ஏறுறீங்க. ஒண்ணா வந்து எறங்குனா செக்‌ஷன் உன்னோடது. ரெண்டு கட்சியா வந்து எறங்குனா நாலு பக்கமும் பிரிச்சு வேற வேற செக்‌ஷன்ல போட்டுருவேன். மேல போயி உங்க சண்டைய வேடிக்க பாக்க எனக்கு நேரமில்ல. புரியுதா?"

"புரியுது சாப்."

போனை வைத்துவிட்டு அவர் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார். தொட்டி நிரம்பி வழிந்தது, அது கூடத் தெரியவில்லை. பதினைந்து வருட சர்வீஸில் அவர் ஆசைப்பட்டது இந்த ஒரு செக்‌ஷனுக்குத்தான். அது கையை விட்டுப் போகப்போகிறது. அவருக்கு அது. எனக்கு அதைவிடப் பெரிய பயம். பிரித்துப் போட்டுவிட்டால் அந்தப் பனியில் இவருக்குப் பின்னால் யார் கயிறு பிடிப்பார்கள்? பேர் கூடத் தெரியாத ஒருவர்.

சரி, இந்தப் பக்கம் வாய் திறக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் கேட்போம் என்று டீயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அண்ணன் என் பசு மாட்டின் கயிற்றை அவிழ்த்துப் புதிதாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சும்மா உட்காரத் தெரியாத கை.

"யாரு போட்ட முடிச்சு இது? ரெண்டு இழு இழுத்தா கழண்டுக்கும்" என்றார்.

"உங்க மச்சான் போட்டதுதான்."

அவர் சிரிக்கவில்லை. டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ கேக்க வந்தது தெரியுது தங்கச்சி. சொல்றேன். ஆனி பொறந்ததுமே மேல போறதுக்கு லிஸ்ட் போட்டான். யார் யார் கயித்துல போறாங்கன்னு. அதுல என் பேரு இல்ல. என்ன கீழ ஸ்டோர்ல போட்டுட்டான். மேல போறவனுக்கு மாவு மூட்ட, மண்ணெண்ண எண்ணிக் குடுக்கற வேல. ரெண்டு வாட்டி அவன் பின்னாடி கயிறு புடிச்சவன் நான். ஒரு வார்த்த கேக்கல. நோட்டீஸ் போர்டுல பாத்துதான் எனக்கே தெரியும். இன்னாத்துக்குன்னு கேட்டா, ‘நான் முடிவு பண்ணிட்டேன்’னு சொல்றான்."

மதுரைக்காரர் பக்கத்திலிருந்து தலையாட்டினார். "பெரியண்ணனுக்கே இந்தக் கதின்னா நாங்கெல்லாம் எம்மாத்திரம் அண்ணி? நாளைக்கு என்னையும் கேக்காம எங்கயாச்சும் தூக்கிப் போடுவாரு."

அந்த முடிவு என் வீட்டுக்காரர் எடுத்தது இல்லை. நான் எடுத்தது.

வைகாசி கடைசியில் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. அண்ணன் அப்போது யூனிட்டில் இருந்தார். நான் வீராம்பட்டினம் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மறுபடியும் மலைக்குப் போகிறாராம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. அன்றைக்கே பஸ் ஸ்டாப்பில் நின்று இவருக்கு போன் போட்டேன். "இந்த ஒரு வாட்டி அவர மேல அனுப்பாதீங்க. கீழயே ஏதாச்சும் வேல குடுங்க. நான் சொன்னன்னோ, அவங்க அழுதாங்கன்னோ யார்கிட்டயும் மூச்சு வுடாதீங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அப்புறம் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் யார் வருவார்கள் என்று நான் யோசிக்கவில்லை, அவர் அப்படிச் செய்தாரா என்று பிறகு கேட்கவும் இல்லை. ஒருத்தி அழும்போது யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

அந்த மனிதர் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். மூன்று மாதமாக நண்பனிடம் திட்டு வாங்கி, செக்‌ஷன் இரண்டாகப் போய், சுபேதாரிடம் பேச்சு வாங்கி, அப்போதும் வாய் திறக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. பிடித்தது நான், கடிபட்டது அவர்.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அழுதது என் ரகசியம் இல்லையே. பெண்டாட்டி அழுது புருஷனை மலைக்குப் போகாமல் நிறுத்திவிட்டாள் என்று நாளைக்குப் பட்டாளத்தில் பேச்சு வந்தால்? அதனால் மாட்டுக்கு வைக்கோல் போடுவதுபோல் பின்னால் போய் வீராம்பட்டினத்துக்கு போன் அடித்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அய்யய்யோ, நான் எப்பக்கா அவர நிறுத்தச் சொன்னேன்?" என்றாள்.

"அழுதியேம்மா!"

"அழுதேன். எங்க அப்பா கடலுக்குப் போவும்போது எங்கம்மா தெனம் அழும். எங்க ஆயாவும் அழுதுச்சு. அழுதுட்டு, சோத்துத் தூக்கக் கையில குடுத்து அனுப்புவாங்க. போவாதன்னு யாரும் சொல்ல மாட்டோம்க்கா. அழறது வேற, தடுக்கறது வேற. இது தெரியாதா உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லைதான். நாங்கள் கழனிக்காரர்கள். எங்கள் ஆண்கள் காலையில் போய் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறவர்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி அழுதால் ஏதோ கேட்கிறாள் என்று அர்த்தம். கேட்டதை வாங்கிக் கொடுத்தால் அழுகை நின்றுவிடும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் அழுகைக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

"தாராளமா சொல்லிடுங்கக்கா. அந்த ஆளு மூணு மாசமா எங்கிட்டயும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்காரு. இன்னாத்துக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள்.

அனுமதி கிடைத்தது. தைரியம் கிடைக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கும் இரண்டு கட்சியாகத்தான் உட்கார்ந்தார்கள். நான் பேசாமல் பரிமாறினேன். ஊரார் முதுகில் இருக்கும் அழுக்கு எனக்குத் தூரத்திலேயே தெரியும். என் முதுகு எனக்குத் தெரியவில்லை என்பதை ஐந்து ஆண்களுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

மறுநாள் எங்கள் கழனியில் நடவு. எங்கள் நிலம் பள்ளம். நடவு மிஷினை இறக்கினால் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும், அதைத் தூக்க இன்னொரு மிஷின் வேண்டும். ஆள் வைத்துத்தான் நட வேண்டும். சேறு குழையச் சேடை ஓட்டி, நாற்றுப் பறித்து, கட்டுக் கட்டாக வரப்பில் அடுக்கியாகிவிட்டது. விடிந்தால் என் பதினான்கு பேரில் எட்டுப் பேர் மூலக்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறார்கள். எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இந்தக் கவலையில் எனக்கு மறந்தே போயிருந்தது. பறித்த நாற்றை இரண்டு நாள் போட்டு வைத்தால் வாடிவிடும்.

வீட்டுக்குள் வந்து பார்த்தேன். ஐந்து ஆம்பிளைகள் ஐந்து மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் லுங்கிய மடிச்சிக் கட்டுங்க" என்றேன்.

யாரும் மறுக்கவில்லை. கட்டளை என்றால் அவர்களுக்கு உடம்பே கேட்கும் போலிருக்கிறது. கழனிக்குப் போனதும் சேற்றில் இறங்கி, கையைப் பக்கத்தில் வைத்து, வலது பக்கம் பார்த்து வரிசையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். என் ஆறு பெண்களும் சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்துபோயிற்று.

நெல்லூர்க்காரர் நெல் விளையும் ஊர்க்காரர், முதல் கையிலேயே தெரிந்துவிட்டது. விரல் நுனியில் நாற்று தானாக நின்றது. மதுரைக்காரர் கொடிக்கம்பம் நடுவது மாதிரி முழங்கை வரை இறக்கினார். எங்கள் கூட்டத்தில் வாய்த்துடுக்கானவள் ஒருத்தி இருக்கிறாள், ஐம்பது வயது, ஊர் முழுக்க அவளுக்குப் பயம்.

"இன்னாடா, நாத்த நடுறியா பொதைக்கிறியா?" என்றாள்.

"நடுறேன் ஆத்தா."

"அப்ப அதுக்கு மூச்சு வுட கொஞ்சம் எடம் வையி."

நடவில் பின்பக்கமாகத்தான் நகர வேண்டும். எங்கே போகிறோம் என்று தெரியாது, நட்டது மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் தெரியும். ஆளுக்கு ஒரு பங்கு வரிசை. பக்கத்திலிருப்பவள் வேகத்துக்கு நாமும் போக வேண்டும். பின்தங்கினால் எங்கள் கூட்டத்தில் ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு பக்கமும் இருப்பவர்கள் வேகமாக நட்டு, அவளுக்குப் பின்னாலும் வளைத்து நட்டு மூடிவிடுவார்கள். சிறை வைப்பது என்று பேர். சுற்றிலும் நட்ட நாற்று, நடுவில் வெறும் சேறு, அதில் அவள். வெளியே வர வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவளை முறை சொல்லிக் கூப்பிட்டு, ‘கை குடு’ என்று கேட்க வேண்டும். கேட்டால் உடனே உள்ளே இறங்கிக் கூட நட்டு முடித்துக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் பொழுது சாய்ந்தாலும் யாரும் போக மாட்டார்கள்.

நான் வேண்டுமென்றேதான் என் வீட்டுக்காரரை நடுவில் விட்டேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணன். அண்ணனுக்கு வலை பின்னிய விரல், ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டார். என் வீட்டுக்காரர் விவசாயி மகன், அவருக்கு இது கைவந்த வேலை. ஆனால் பதவி வந்த பிறகு கண் தன் வரிசையில் நிற்பதில்லை. "மதுர, நேரா வை! விழுப்புரம், எட்டிப் போவுது பாரு!" என்று நிமிர்ந்து நிமிர்ந்து அடுத்தவன் வரிசையைத் திருத்திக்கொண்டிருந்தார். வாய்த்துடுக்குக்காரி எனக்குக் கண்ணைக் காட்டினாள். அடுத்த பத்து நிமிடத்தில் அவருக்குப் பின்னால் வந்து வளைத்து மூடிவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் ஹவில்தார் சிறையில் இருக்கிறார். ஒரு கட்டில் அளவுக்கு வெறும் சேறு. சுற்றிலும் பச்சை.

அவர் என்னைப் பார்த்தார்.

"பொண்டாட்டியக் கூப்ட்டா செல்லாது" என்றாள் வாய்த்துடுக்குக்காரி. அப்படி ஒரு சட்டம் எங்களிடம் கிடையாது. அந்த நிமிடம் போட்டாள்.

அப்படியானால் மிச்சம் ஒருவர்தான். அண்ணன் முதுகை நிமிர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றார். என் வீட்டுக்காரர் கையில் நாற்றோடு குத்துக்கல் மாதிரி நின்றார். மதுரைக்காரர் நட்ட கையை எடுக்காமல் குனிந்தபடியே இருவரையும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பெண்களுக்குக் கூட ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

இதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, உங்கள கீழ போடச் சொன்னது அவரு இல்ல. நான்."

அண்ணன் திரும்பினார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மனைவி அழுததை, பஸ் ஸ்டாப்பில் போன் போட்டதை, சத்தியம் வாங்கியதை, நேற்று அவள் சொன்னதை. "அவங்க கேக்கல அண்ணே. நானாதான் நெனச்சிக்கினேன். அழுதா கேக்கறதுன்னு நெனச்சேன். என் தப்பு."

அண்ணன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அப்பிடியாடா?"

"ம்."

"ஏன்டா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா வரேன்னு சொல்லுவ."

"சொல்லுவேன்தான்! அதுக்குத்தானடா கேக்கணும்!" அண்ணன் குரல் உடைந்தது. "எனக்கு வயசாயிடுச்சு, என் கை தளந்துடுச்சு, இனிமே என்ன நம்ப முடியாதுன்னு நீ நெனச்சிட்டன்னு இருந்தேன்டா. மூணு மாசமா. சாப்பாடு எறங்கல எனக்கு."

என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சேற்றுக் கையால் துடைத்துக்கொண்டு முகம் முழுக்கச் சேறாக்கிக்கொண்டார். "உன் கொழந்த மூஞ்சிய நெனச்சா எனக்குக் கை ஓடல மச்சான். ஏழு வருஷம் கழிச்சுப் பொறந்தது. ஏதாச்சும் ஆனா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க வருவேன்?"

"அது என் கவல. எனக்குப் பதிலா நீ பட வேணாம்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த நாற்றைப் பார்த்தபடி மெதுவாக, "மச்சான்... கை குடுரா" என்றார்.

"எங்க, காது கேக்கல" என்றாள் வாய்த்துடுக்குக்காரி.

"மச்சான்! கை குடுரா!"

அந்தக் குரல் வில்லியனூர் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் ஒரே தாவில் நாற்றைத் தாண்டி உள்ளே இறங்கினார். சேறு என் புடவையெல்லாம் தெறித்தது. இரண்டு பேரும் குனிந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு அந்தக் கட்டில் அளவுச் சேற்றை நட்டார்கள். அவ்வளவு கோணலாக நட்ட ஒரு இடத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. பிடுங்கி நட மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

மத்தியானம் வரப்பில் ஒரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நேற்றைய மீன் குழம்பு, அதற்கு இன்றுதான் ருசி வந்தது. சாப்பிட்ட கையோடு என் வீட்டுக்காரர் சுபேதாருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"சாப், லிஸ்ட்ல ஒரு மாத்தம்."

"அவன மேல சேக்கணுமா? அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டாரு சாப்!" என்று அண்ணன் பக்கத்திலிருந்து கத்தினார்.

"சரி, வாங்க பாத்துக்கலாம். எங்கேருந்துடா பேசுறீங்க? தவள கத்துது!"

அன்று சாயங்காலம் வரை என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். கயிற்றில் எங்கே நடக்க விருப்பம், ஏன், என்ன பயம். கேட்கத் தெரியாத மனிதர், கேள்வித்தாள் படிப்பது மாதிரிதான் கேட்டார். ஆனாலும் கேட்டார். மதுரைக்காரருக்கு எல்லாருக்கும் கடைசியில் நடப்பதென்றால் பயமாம், பின்னால் யாரும் இல்லாதது முதுகைக் குறுகுறுக்க வைக்குமாம். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. நெல்லூர்க்காரர் உடனே, "நான் கடைசியில வரேன். எனக்கு முன்னாடி நாலு பேரப் பாத்துக்கினு நடக்கறது நல்லாருக்கும்" என்றார். இவ்வளவுதான் விஷயம். ஒரு வாய்க் கேள்விக்கு இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறார்கள்.

ஒரு குன்று கூட இல்லாத ஊரில் பனிமலைப் பயிற்சியும் நடந்தது. மோட்டார் கயிற்றை ஐந்து பேரும் இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். வாய்த்துடுக்குக்காரிக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போன ஹவில்தாரை, யாரும் எதிர்பாராத நேரத்தில், பக்கத்துக் கழனிச் சேற்றில் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். கயிறு விறைத்தது. அண்ணன் அந்த நொடியே வரப்பில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் சேற்றைத் தொடாமல் பாதியில் தொங்கினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மனசுக்குள் ஒரு பாரம் இறங்கிற்று.

மூன்றாம் நாள் விழுப்புரத்தில் ரயில் ஏற்றப் போனோம். அண்ணன் மனைவி குழந்தையோடு வந்திருந்தாள். ஆசை தீர அழுதாள். அழுதுகொண்டே கருவாட்டுப் பொட்டலத்தை அவர் பைக்குள் திணித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அக்கா, நீங்க அழறீங்களே, இப்ப இன்னா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்ததில் ரயில் நகர்ந்ததைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மேலே போன பிறகு வாரத்துக்கு ஒரு போன் வரும். இரண்டு நிமிடம். "நல்லாருக்கேன். சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?" இதைத் தவிர வேறு கிடையாது.

தை பிறந்து எங்கள் கழனியில் அறுப்பு மிஷின் வருமா வராதா என்று வரப்பில் நின்று ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீராம்பட்டினத்திலிருந்து போன்.

"அக்கா, போன மாசம் நடந்தது உங்களுக்குத் தெரியுமில்ல? இவரு இன்னைக்குத்தான் எங்கிட்ட சொன்னாரு. உங்க வூட்டுக்காரரு மார் வரைக்கும் பனிக்குள்ள பூந்துட்டாராமே. கீழ ஆழமே தெரியலயாம். இவரு அப்பிடியே உக்காந்துட்டாராம். மத்த மூணு பேரும் சேந்து இழுத்து மேல கொண்டாந்துட்டாங்களாம். ஒரு கீறல் இல்லயாம்க்கா."

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோணல் நடவு எனக்கு எதிரேதான் இருந்தது. மற்ற இடம் மாதிரியே அங்கேயும் கதிர் சாய்ந்திருந்தது. என் கோளாறை மறைத்துக்கொண்டு நான் வாயை மூடியிருந்தால், அந்தக் கயிற்றில் அன்று யார் இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் போன் வந்தது.

"நல்லாருக்கேன். சாப்ட்டேன். நீ..."

"மார் வரைக்கும் உள்ள போனீங்களாமே?"

"யாரு சொன்னா? அது ஒண்ணுமில்ல. நீ பயப்படுவன்னுதான்..." என்றார்.

"நான் பயப்படறது என் கவல. என்ன ஒரு வார்த்த கேக்காம எனக்கு நல்லது பண்றீங்களா? கழனியில நின்னுக்கினு இன்னா சொன்னாரு உங்க மச்சான்? காதுல சேறா அடச்சிருந்துச்சு?"

அவருக்குப் பின்னாலிருந்து யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. என் வீட்டுக்காரர் போனிலிருந்து முகத்தைத் திருப்பி, "மச்சான், கை குடுரா" என்றார்.

"பொண்டாட்டிகிட்ட மாட்டுனா செல்லாதுடா!" என்ற குரல் கேட்டது. பிறகு அந்தக் குரலே போனுக்குப் பக்கத்தில் வந்தது. "தங்கச்சி, கயிறு என் கையிலதான் இருக்குது."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தெரியும்ணே" என்றேன். "போன அவர்கிட்ட குடுங்க. இன்னும் திட்டி முடிக்கல."